இருபது வாட் போதுமா?

நானூறு பிராங்குக்குள் ஓர் அம்பிளிபையர் வாங்குவதெல்லாம் தத்துவக் கேள்வியா என்று கேட்கலாம். இதைவிடப் பெரிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. ஆனால் பெரிய கேள்விகளில் ஒரு வசதி உண்டு. அவற்றுக்கு விடை சொல்லாமலே நாம் காலத்தை ஓட்டிவிடலாம். கடைக்காரருக்கு முன்னால் நிற்கும்போது அது முடியாது. பணப்பையைத் திறக்க வேண்டும், அல்லது மூடிக்கொண்டு வெளியே வர வேண்டும்.

என்னிடம் லெங்கோ எல்75 என்ற பழைய இசைத்தட்டுச் சுழலி ஒன்று இருக்கிறது. இதே நாட்டின் பூர்க்டோர்வ் நகரத்து நிறுவனம் செய்தது. வின்டர்தூரில் பழைய சாமான் விற்கும் 'புரொக்கி' ஒன்றில் கிடைத்தது. எச்.எம்.வி.யும் எக்கோவும் வெளியிட்ட தமிழ்ப் படப்பாடல் தட்டுகள் முப்பதளவில் சேர்ந்துவிட்டன. சிறிய ஸ்பீக்கர் ஒரு சோடி உண்டு. நடுவில் இருக்க வேண்டிய பெட்டிதான் இல்லை.

அந்தப் பெட்டிக்கு இரண்டு வேலை. தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது சாதாரணக் காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. சீடி பிளேயர் தருவது இரண்டு வோல்ட், நானூறு மடங்கு. ஆகவே முதலில் அந்த மெல்லிய சமிக்ஞையைத் தூக்கி நிறுத்த வேண்டும். இரண்டாவது வேலை, கோணலை நிமிர்த்துவது. தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உச்ச ஒலிகளைக் கூட்டித்தான் பதிவார்கள். தாழ்ந்த ஒலியை உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்துக்குள் போய்விடும். உச்ச ஒலியைக் கூட்டிப் பதிந்து, கேட்கும்போது குறைத்தால், தட்டின் இரைச்சலும் சேர்ந்து அமுங்கும். இரு முனைகளிலும் ஏறத்தாழ 20 டெசிபெல் கோணல் இது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1954இல் வகுத்த வளைவைத்தான் பின்னர் உலகம் பின்பற்றியது. ஆகவே பின்பக்கம் 'போனோ' என்று எழுதிய வாயில் இருக்கிறதா என்பதுதான் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது. இல்லையென்றால் அதற்குத் தனிப்பெட்டி வாங்க வேண்டிவரும். ஆனால் எல்லோரும் முதலில் பார்ப்பது வாட்டைத்தான்.

சித்தப்பாவிடம் இருபது வாட் என்று சொன்னேன். "இருபது வாட்டோ? அது ரீவீக்குள்ளையே இருக்குமெல்லோ" என்றார். 1985இல் அகதியாக வந்து, இருபத்தெட்டு வருடம் உணவகச் சமையலறையில் நின்றவர். அவர் அறிந்த இசை மண்டபத்து இசை. கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் கலைவிழா எல்லாவற்றுக்கும் ஆளுயர ஸ்பீக்கர் வேண்டும். நெஞ்சுக்கூடு அதிர வேண்டும். முந்நூறு பேர் கதைத்துக்கொண்டிருக்கும் மண்டபத்தில் அது நியாயமும்கூட.

வீட்டுக் கணக்கு வேறு. என் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 87 டெசிபெல் வரும். பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கக் குரலை உயர்த்த வேண்டிய அளவு அது. வலுவை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே 50 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் விலைச்சீட்டில் பெரிது, அறையில் சிறிது. நான் இருப்பது மூன்றாம் மாடியில். இரவு பத்து மணிக்குமேல் குளியலறைத் தண்ணீரைத் திறக்கவே யோசிக்கும் கட்டடம். பெரும்பாலான மாலைகளில் என் அறைக்கு அரை வாட் செலவாகும். மிருதங்கத்தின் திடீர் அடி போன்ற உச்சங்களுக்கு அதைப்போல இருபது மடங்கு கையிருப்பு வைத்தாலும் பத்து வாட்தான். இருபது வாட் தாராளம்.

இந்தக் கணக்கு புதிதல்ல. 1978இல் என்.ஏ.டி. நிறுவனம் 3020 என்ற மலிவு அம்பிளிபையரை வெளியிட்டது. நோர்வேக்காரரான எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்து, தாய்வானில் செய்யப்பட்டது. தாளில் எழுதிய வலு 20 வாட். மினுக்கத்துக்குச் செலவழிக்காமல், உச்ச நேரங்களில் தாளில் எழுதியதைவிடக் கூடுதலாகத் தாங்கும் மின்சுற்றுக்குச் செலவழித்திருந்தார்கள். விலையில் பல மடங்கு மேலே இருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட பெட்டி அது, ஏராளமாக விற்றது.

அதே 1978இல் இன்னொன்றும் நடந்தது. இங்கிலாந்தின் குவாட் நிறுவனத்துப் பீற்றர் வாக்கரின் மூன்று அம்பிளிபையர்களை வைத்து ஒரு கேட்டல் சோதனை. 1953இன் வால்வுப் பெட்டி, 1967இன் 303, 1975இன் 405. எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்ட குழுவினரால், ஊகத்தைவிட நன்றாக அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. தன் புதிய பெட்டி தன் பழைய பெட்டியைவிடக் காதுக்கு மேலானதல்ல என்ற முடிவு வரக்கூடிய சோதனைக்குத் துணிந்த வியாபாரி வேறு யாரையும் எனக்குத் தெரியாது. நீண்ட நாள் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும் என்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. என் தட்டுகளில் பாதி, யாரோ வீட்டு அலுமாரியில் நாற்பது வருடம் தூசி தின்றவை. ஐயாயிரம் பிராங் பெட்டி அந்தத் தூசியை இன்னும் துல்லியமாகச் சொல்லும்.

ஆக, காதைப் பொறுத்தவரை கேள்வி விரைவாகத் தீர்ந்துவிட்டது. வீட்டில், சம்பளத்தில், பிள்ளையின் படிப்பில் 'போதும்' என்பது எந்த இடத்தில் இருக்கிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. அம்பிளிபையரில் காட்டலாம். அப்படிக் காட்டிய பிறகும் கை நிற்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். எவ்வளவு கணினி வலு தேவை என்று அளந்து கொடுத்தால், வாடிக்கையாளர் இரண்டு மடங்கு கேட்பார், எதற்கும் இருக்கட்டும் என்று. நம்மவர்களிடம் அந்த 'எதற்கும்' இன்னும் ஆழமானது. இல்லாமை சிக்கனத்தைக் கற்றுத்தரும் என்பார்கள். நான் பார்த்தவரையில் அது கற்றுத்தருவது, கிடைக்கும்போது எடுத்து வை என்பதை. சித்தப்பாவின் கட்டட நிலவறையில், அணுகுண்டுக்குப் பயந்து சுவிஸ்காரர் கட்டிவைத்த தடித்த கதவுக்குப் பின்னால், இன்றைக்கும் ஐந்து மூட்டை அரிசி இருக்கிறது. இரண்டு பயமும் ஒரே அறையில் நல்ல சிநேகமாக இருக்கின்றன.

ஆனால் போதுமா என்று கேட்கும்போது நாம் கேட்கிறவரின் காதை மட்டுந்தான் அளக்கிறோம். வாட் என்பதற்கு இன்னொரு முனை இருக்கிறது. அந்த முனையை நான் பாடப்புத்தகத்துக்கு முன்பே அறிந்திருந்தேன்.

1990 நடுப்பகுதியில் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போனது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. மண்ணெண்ணெய் மருந்துபோல, ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் விட்டு, பஞ்சையும் திரியையும் வைத்துத்தான் இரவில் படித்தோம். ரேடியோவுக்கு மிஞ்சிய வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டயரில் உரசிச் சுழலும் டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். 6 வோல்ட், 3 வாட். சின்ன ரேடியோவுக்கு அது போதும். 1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரே இடம்பெயரும்வரை எத்தனையோ வீடுகள் உலகத்தை இப்படித்தான் கேட்டன. இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் எங்கள் கெட்டித்தனத்துக்குச் சான்றாக. கெட்டித்தனந்தான், சந்தேகமில்லை.

அந்த ஏற்பாட்டில் அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று உண்டு. சுற்றுகிறவருக்குத்தான் மிகக் குறைவாகக் கேட்கும். டைனமோவின் கீச்சொலி, செயின் சத்தம், சொந்த மூச்சு எல்லாம் அவருடைய காதுக்குப் பக்கத்தில். வேகம் குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் தேய்ந்து அடங்கும். உடனே உள்ளேயிருந்து "சுத்து, சுத்து" என்று சத்தம் வரும். அவருக்குத் தெளிவாகக் கேட்பது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் ரேடியோ விறாந்தையில், சைக்கிள் முற்றத்தில். எனக்குப் பதினொரு வயது. ஒரு பாட்டுக்குமேல் கை தாங்காது. பெரும்பாலும் சுற்றியவர் ஒழுங்கைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு பெடியன், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவருடைய தகப்பன் சீவல் தொழில் செய்தவர். அன்றைக்கு எல்லோரும் அவரை 'அவன்' என்றுதான் சொன்னார்கள். அவர் விறாந்தையில் ஏறுவதில்லை. ஏறக்கூடாதென்று என் காதுபட யாரும் சொன்னதில்லை, சொல்லத் தேவையிருக்கவில்லை. பிபிசி தமிழோசை முடிந்ததும் பெரியவர்கள் செய்தியைப் பிரித்து அலசத் தொடங்குவார்கள். அவர் டைனமோவை டயரிலிருந்து விலக்கிவிட்டு, கையை உதறியபடி முற்றத்தில் நின்று கேட்பார்: "என்னவாம்?" அப்பு இரண்டு வசனத்தில் சொல்வார். அவ்வளவு நேரச் செய்திக்கு இரண்டு வசனம். சில நாள் ஒன்று.

ரேடியோவைப் பேசவைத்த கை அவருடையது. அது என்ன பேசியதென்று விசாரித்து அறிய வேண்டியவரும் அவர்தான்.

இதைச் சாதிக்கொடுமை என்ற பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாம். அது உண்மைதான், ஆனால் முழுவதும் அதற்குள் அடங்காது. என் தம்பி சுற்றியபோதும் தம்பிக்குக் கேட்கவில்லை. வித்தியாசம், தம்பி அடுத்த நாள் சுற்றாமல் விறாந்தையில் இருந்து கேட்டான். கருவியின் அமைப்பு ஒருவரைத் தூரத்தில் நிறுத்துகிறது. யாரை எப்போதும் அங்கேயே நிறுத்துவது என்பதை ஊர் முடிவு செய்கிறது. பழைய கிராமபோனில் இது வேறு மாதிரி இருந்தது. அதில் அம்பிளிபையரே இல்லை. சாவி கொடுத்தவர் சாவியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, மற்றவர்களைப் போலவே பாட்டைக் கேட்டார். சுருள்வில் அவருடைய உழைப்பைச் சில நிமிடம் சேமித்து வைத்தது. அந்தச் சின்ன வில்லில் இருந்த மரியாதை டைனமோவில் இல்லை. சுவரிலுள்ள பிளக்கில் சுற்றுகிறவர் கண்ணுக்கே தெரிவதில்லை.

ஆகவே வாட்டை ஆள்கணக்கில் மாற்றிப் பார்க்கத் தொடங்கினேன். ஆரோக்கியமான ஒருவர் பெடலைக் காலால் மிதித்து ஒரு மணிநேரம் தொடர்ந்து தரக்கூடியது 75 வாட் அளவில். 'ஏ வகுப்பு' அம்பிளிபையர் என்று ஒரு சாதி உண்டு. இசைப்பிரியர்கள் உயர்வாகப் பேசுவது. அதில் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்னோட்டமும் ஓடிக்கொண்டிருக்கும்; பெரும்பகுதி வெறும் சூடாகப் போகும். சுவரிலிருந்து 150 வாட் எடுப்பது அதற்குச் சாதாரணம். விபரச்சீட்டில் நேர்மையாக எழுதுவதென்றால்: 'இருவர் சுற்ற வேண்டும், நீங்கள் தட்டைத் திருப்பிப் போடும் நேரத்திலும்.' வழமையான 'ஏபி வகுப்பு'ப் பெட்டி சும்மா இருக்கும்போது 25 வாட்டளவில் எடுக்கும். புதிய சிறிய 'டி வகுப்பு'ப் பெட்டிகளுக்குப் பத்தும் வேண்டாம்.

இந்த நாட்டுக்கு இப்படிக் கணக்குப் பார்ப்பது அந்நியமில்லை. சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தார் 1998இல் '2000 வாட் சமூகம்' என்ற யோசனையை முன்வைத்தார்கள்: ஒருவருக்கு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து இடைவிடாத 2000 வாட் போதும். 2008 நவம்பரில் சூரிச் நகர மக்கள் வாக்களித்து அதை நகரத்தின் இலக்காக ஏற்றுக்கொண்டார்கள். நல்ல இலக்கு, இன்றைக்கும் எட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் 2000 வாட் என்றால் இருபத்தேழு பேர் இராப்பகலாக மிதிக்க வேண்டும். எட்டு மணிநேர முறை வைத்தால் எண்பது பேர். சிக்கனமாக வாழும் ஒருவருக்கு எண்பது பேர்! இவான் இல்லிச் 1970களில், சைக்கிளின் வேகத்தைத் தாண்டிப் போகிறவர் அடுத்தவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டுதான் போகிறார் என்று வாதித்தார். படித்த காலத்தில் அது மிகையாகப் பட்டது. தலைகீழாக நிற்கும் சைக்கிளைப் பற்றி இல்லிச் யோசித்திருக்க மாட்டார். எங்கள் முற்றத்தில் அது ஒரு அடிகூட நகராமலே அடுத்தவருடைய நேரத்தை எடுத்தது.

ரொறன்ரோவிலிருக்கும் நண்பன், பொறியியலாளன், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான். முப்பது வாட் பெட்டியை மூன்று மணிநேரம் ஓட்டினால் ஆகும் செலவு மூன்று ராப்பன். "வருசம் முழுக்க நீ மிச்சம் பிடிக்கிறதை ஒரு கலியாணத்துக்கு இஞ்ச பறந்து வரேக்க எரிச்சுப்போடுவாய்" என்றான். அத்தோடு, சுவிஸ் மின்சாரத்தில் பாதிக்குமேல் தண்ணீரிலிருந்து வருகிறது. சுற்றுவது ஆறு, ஆளல்ல என்றான்.

முதலாவது சரி. மின்சாரத்தை மிச்சம்பிடித்து உலகத்தைக் காப்பாற்றுவது என் எண்ணமில்லை; அந்தக் கணக்கில் என் அம்பிளிபையர் ஒரு பொருட்டே அல்ல. இரண்டாவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஆற்றை யாரும் சும்மா சுற்றவைக்கவில்லை. வலே மாநிலத்தில் மட்மார்க் அணையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, 1965 ஓகஸ்ட் 30ஆம் திகதி, அல்லலின் பனிப்பாறையின் ஒரு பகுதி உடைந்து தொழிலாளர் குடில்களின்மேல் விழுந்தது. 88 பேர் இறந்தார்கள். அவர்களில் 56 பேர் இத்தாலியர்கள், எங்களுக்கு முன்னால் இந்த நாட்டுக்கு உழைக்க வந்தவர்கள். 1972இல் வழக்கு முடிந்தபோது குற்றஞ்சாட்டப்பட்ட எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் வழக்குச் செலவின் பாதியை இறந்தவர்களின் குடும்பங்கள் கட்ட வேண்டியிருந்தது. அந்த அணையின் மின்சாரத்தில் ஓடிய ரேடியோக்களில் எந்தச் சத்தமும் பிசகவில்லை. அதுதான் நல்ல மின்சாரத்தின் இலட்சணம்: சுற்றுகிறவருக்கு என்ன நடந்தாலும் குரல் தேயாது. எங்கள் டைனமோவில் குறைந்தபட்சம் கை சோர்ந்தால் விறாந்தைக்குத் தெரிந்தது.

இந்த அளவுகோலோடு கடைக்குப் போனால் விடை சுலபமாக வரும் என்று நினைக்க வேண்டாம். இன்னும் சிக்கலாகும். நூற்றைம்பது பிராங்குக்குப் புதிய டி வகுப்புப் பெட்டி உள்ளங்கை அளவில் கிடைக்கிறது. மின்சாரத்தில் அதை வெல்ல ஆளில்லை. ஆனால் அந்த விலைக்கு அது எப்படிக் கிடைக்கிறது? பின்பக்கம் நாட்டின் பெயர் இருக்கிறது. சாலிடர் வைத்தவர் எத்தனை மணிநேரம் இருந்தார் என்பது இல்லை. அவரிடமும் யாரும் "என்னவாம்" என்று கேட்கப்போவதில்லை. பழைய பெட்டி வாங்கினால் அந்தப் பாவம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அதையும் யாரோ செய்தார்கள், நாற்பது வருடத்துக்கு முன்னால். புதிதாக இன்னொருவரைச் சுற்றச் சொல்லவில்லை என்பது மட்டுந்தான் அதன் பக்கத்து நியாயம். எதிர்ப்பக்கத்தில், கூடுதல் மின்சாரம். இரண்டு தராசும் ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்கின்றன. யாராவது இரண்டையும் ஒரே எண்ணாக்கிக் காட்டினால் நான் அந்த எண்ணை நம்ப மாட்டேன்.

நான் பழையதைத் தேர்ந்தேன். எண்பதுகளில் செய்த ஓர் இருபது வாட் பெட்டி, போனோ வாயிலோடு, எண்பது பிராங். இடப்பக்கம் கரகரத்தது. அந்த வயதில் கப்பாசிற்றர்கள் காய்ந்திருப்பது வழமை. ஓபர்வின்டர்தூரில் திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார், ஓய்வு வயதைத் தாண்டியவர். பொருளைவிடத் திருத்தக் கூலி மூன்று மடங்கு வரும் என்று முதலிலேயே சொன்னார். சித்தப்பாவுக்கு இது பெரிய பகிடி. எண்பது பிராங் சாமானுக்கு இருநூற்று எண்பத்தெட்டு பிராங் திருத்தமா? நானூறுக்குள் வந்துவிட்டதே என்றேன். மலிவு என்றால் யாருக்காவது கூலி குறைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த ஒரு இடத்தில் இல்லை. அந்தக் கூலியை என் கையால், அவர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன். இது வசதியுள்ளவனுக்கு மட்டும் முடிகிற நேர்த்தி என்பதும் தெரியும். சித்தப்பா அந்த வயதில் என் சம்பளம் வாங்கவில்லை.

பெட்டியை எடுக்கப் போகும்போது, சோதிக்க ஒரு தட்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இளையராஜா காலத்து எக்கோ தட்டு ஒன்றைக் கொண்டுபோனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு நிமிடம் கேட்டு, இரண்டு பக்கமும் சரியா என்று பார்த்துவிட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் சாலிடரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், ஸ்ரூலை ஸ்பீக்கருக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்ன பாடுகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் வரிவரியாகச் சொன்னேன், ஒரு பாட்டுக்கு ஐந்தாறு நிமிடம் பிடித்தது. பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் தானே திருப்பிப் போட்டார். பிறகு சீட்டு எழுதினார்: உதிரிப்பாகம் 38, உழைப்பு இரண்டரை மணிநேரம் 250. கேட்ட நேரத்தை அதில் சேர்க்கவில்லை.